கார்டு போட்டாச்சு, போய்ச் சேர்ந்ததா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். அதைப் பேசத் தகுதி உள்ளவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும் புரோகிராம் எழுதுவது. முப்பது வருஷமாக அதில்தான் என் சாப்பாடு. "யூ.டி.பி. பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா, இல்லை மனுஷன் யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. இன்றைக்கு நான் பேசப் போவதே ஏறக்குறைய அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பயப்பட வேண்டாம். நம்ம காலத்தில் வெளியூருக்குச் சேதி சொல்ல இரண்டு வழி இருந்தது, ஞாபகம் இருக்கா? ஒன்று டிரங்க் கால். புக் செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். எதிர்முனையில் ஆள் வந்து ஹலோ சொன்ன பிறகுதான் பேச்சு தொடங்கும். காதில் விழவில்லை என்றால் அவர் "என்ன, என்ன?" என்று கத்துவார், நாம் திரும்பச் சொல்வோம். சொன்ன வரிசையிலேயே அவர் கேட்பார். பேசி முடித்து வைத்துவிட்டால் வைத்துவிட்டார் என்பதும் தெரியும். டி.சி.பி. என்பது இந்த மாதிரி.

இன்னொன்று தபால் கார்டு. யாரையும் கூப்பிட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். எழுதினோம், பெட்டியில் போட்டோம், வேலையைப் பார்க்கப் போனோம். ஒவ்வொரு கார்டிலும் முழு விலாசமும் எழுதியாக வேண்டும், நேற்றும் இதே ஆளுக்குத்தான் எழுதினேன் என்று தபால்காரரிடம் சொல்ல முடியாது. திங்கட்கிழமை போட்டதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை போட்டது போய்ச் சேரலாம். ஒன்று சேராமலே போகலாம். போகவில்லை என்று யாரும் நமக்கு வந்து சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு: வந்தால் கார்டு முழுசாக வரும், பாதிக் கார்டு வராது. இரண்டு கார்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகவும் வராது. யூ.டி.பி. இதுதான். அந்தக் கார்டுக்குப் பெயர் டேட்டாகிராம்.

டேட்டா, டெலிகிராம் இரண்டையும் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. ஆனால் தந்தியின் வால் இந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டு இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. 1970-களில் பிரான்ஸில் லூயி பூஸான் என்பவர் சிக்ளேட்ஸ் என்ற வலையமைப்பைக் கட்டினார். நடுவில் இருக்கிற வலை எந்த உத்தரவாதமும் தர வேண்டாம், கொடுத்த பொட்டலத்தை முடிந்தவரை தள்ளிவிட்டால் போதும், காணாமல் போனதைத் தேடுவதும் வரிசைப்படுத்துவதும் இரு முனையிலும் உள்ள கம்ப்யூட்டர்களின் பொறுப்பு என்பது அவர் கொள்கை. டெலிபோன் இலாகாக்களுக்கு இது பிடிக்கவில்லை. உத்தரவாதம் தராத சேவைக்கு எப்படிக் காசு கேட்பது! 2013-ல் இங்கிலாந்து ராணி பெயரிலான பொறியியல் பரிசு வின்ட் செர்ஃப், ராபர்ட் கான், டிம் பெர்னர்ஸ்-லீ, மார்க் ஆண்ட்ரீசன் ஆகியோருடன் பூஸானுக்கும் கிடைத்தது. தாமதமாக என்றாலும், கார்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

இணையத்தில் முதலில் டி.சி.பி. ஒன்றுதான் இருந்தது. எல்லா வேலையையும் அதுவே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது. அப்போது வலை வழியாகக் குரலை அனுப்பிப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர்களில் டேனி கோஹன் முக்கியமானவர். அவர் சொன்ன வாதம் எளிமையானது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு அசை தொலைந்துவிட்டால், காது அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் தொலைந்த அசையைத் திரும்ப வரவழைக்கிறேன் என்று டி.சி.பி. மொத்தப் பேச்சையும் நிறுத்தி வைத்தால் பேச்சே நடக்காது. அரை வினாடி கழித்து வரும் அசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1978-ல் டி.சி.பி.யை இரண்டாகப் பிரித்தார்கள். பொட்டலத்தைத் தள்ளும் வேலை ஐ.பி.க்குப் போனது, நம்பகத்தைக் காக்கும் வேலை டி.சி.பி.யிடம் தங்கியது. நம்பகம் வேண்டாதவர்கள் நேரே ஐ.பி.யின் மேல் உட்கார ஒரு மெல்லிய பலகை வேண்டியிருந்தது. அதுதான் யூ.டி.பி.

அதன் விதிமுறையை ஜான் போஸ்டல் 1980 ஆகஸ்டில் எழுதினார். ஆர்.எஃப்.சி. 768. மொத்தம் மூன்றே பக்கம். மாணவர்கள் இன்று ராத்திரியே படித்துவிடலாம். எட்டு பைட் தலைப்பு: அனுப்பும் போர்ட், சேரும் போர்ட், நீளம், செக்சம். தீர்ந்தது. டி.சி.பி. தலைப்பு குறைந்தது இருபது பைட், அதன் விதிமுறையைப் படித்து முடிக்க ஒரு செமஸ்டர் வேண்டும். இந்த மூன்று பக்கத்தைப் பார்த்துத்தான் பல பேர் யூ.டி.பி. சுலபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புரோட்டோகால் சுலபம்தான், ஐயா. அது செய்யாமல் விட்டதெல்லாம் நம் தலையில் வந்து விழுகிறது.

இப்போது புரோகிராமுக்கு வருகிறேன். சாக்கெட் என்பது பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983-ல் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸோடு தந்தது. நாற்பது வருஷம் தாண்டியும் அதே பெயர்கள், அதே வரிசை. சாக்கெட் என்று கூப்பிட்டு ஸ்ட்ரீம் வேண்டாம், டேட்டாகிராம் வேண்டும் என்று சொல்கிறீர்கள். பைண்ட் என்று சொல்லி இந்த போர்ட்டுக்கு வருவதெல்லாம் எனக்கு என்று பலகை மாட்டுகிறீர்கள். ஹெச்-டு-என்-எஸ் போட்டு போர்ட் எண்ணின் பைட் வரிசையைத் திருப்ப மறக்காதீர்கள். மறந்தால் 53-க்குப் போக வேண்டியது 13568-க்குப் போகும். லிசன் கிடையாது, அக்செப்ட் கிடையாது. ஒரே சாக்கெட், ஊர் முழுவதும் அதிலேயே கார்டு போடலாம். ரிசீவ்-ஃப்ரம் என்றால் அடுத்த கார்டை எடு, யார் போட்டது என்றும் சொல் என்று அர்த்தம். சென்ட்-டு என்றால் இந்த விலாசத்துக்கு இதைப் போடு என்று அர்த்தம். பத்துப் பதினைந்து வரியில் வேலை செய்கிற புரோகிராம் வந்துவிடும்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். சென்ட்-டு திரும்பி வந்து நூறு பைட் என்று சொல்கிறது. என்ன அர்த்தம்? நூறு பைட் போய்ச் சேர்ந்தது என்றா? இல்லை. கேபிளில் ஏறியது என்றுகூட இல்லை. உங்கள் கம்ப்யூட்டரின் கெர்னல் அதை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். "அப்பாவுக்கு லெட்டர் போட்டியாடா?" என்று அம்மா கேட்டால் "போட்டாச்சும்மா" என்போம். "அப்பாவுக்குக் கிடைச்சுதா?" என்று கேட்டால் அது வேறு கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக நினைத்து எழுதிய புரோகிராம்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு முடி நரைத்தது.

ரிசீவ்-ஃப்ரம் பக்கமும் சில வில்லங்கம் உண்டு. நீங்கள் கொடுத்த பாத்திரம் 512 பைட், வந்த டேட்டாகிராம் 800 பைட் என்றால், யூனிக்ஸில் மீதி 288 பைட் தரையில் கொட்டிவிடும். அடுத்த தடவை கேட்டால் அந்த மீதி வராது, அடுத்த கார்டு வரும். பூஜ்யம் பைட் வந்தால் எதிராளி போய்விட்டார் என்று டி.சி.பி.யில் அர்த்தம். யூ.டி.பி.யில் அது வெறும் கார்டு, அதுவும் சட்டப்படி செல்லும். யாருமே எதுவும் அனுப்பவில்லை என்றால் ரிசீவ்-ஃப்ரம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், விடிய விடிய. அதனால் இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று சாக்கெட்டுக்கு ஒரு கெடு வைக்க வேண்டும், அல்லது செலக்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. தொடர்பே இல்லாத புரோட்டோகாலில் கனெக்ட் என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் ஒரு பொட்டலம்கூட வெளியே போகாது. இந்த சாக்கெட் இந்த ஆளோடு மட்டும் பேசும் என்று கெர்னல் தன் நோட்டில் குறித்துக்கொள்ளும், அவ்வளவே. ஆனால் பலன் உண்டு. எதிர்முனையில் அந்த போர்ட்டில் யாருமே இல்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டர் ஐ.சி.எம்.பி. மூலம் "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று திருப்பிச் சொல்லும். விலாசதாரர் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வருகிற கார்டு மாதிரி. கனெக்ட் செய்யாத சாக்கெட்டுக்குப் பெரும்பாலான யூனிக்ஸில் அந்தச் சேதி கிடைக்காது. கனெக்ட் செய்திருந்தால் அடுத்த தடவை அனுப்பும்போதோ வாங்கும்போதோ பிழையாக வந்து நிற்கும். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங் பற்றி 1990-ல் எழுதிய புத்தகம், எங்களில் பலருக்குக் குரு. கனெக்ட்டின் இந்தக் குணத்தை நான் அதில்தான் கற்றேன். 1999-ல் அவர் காலமானபோது, பார்த்தே இராத ஒரு வாத்தியாருக்காக நாங்கள் உண்மையாகவே வருத்தப்பட்டோம்.

நாங்கள் படித்த காலத்தில் சென்னை ஐ.ஐ.டி. மாதிரி சில இடங்களில்தான் எர்நெட் வழியாக வெளியுலகத் தொடர்பு இருந்தது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். ஆகவே எங்கள் சாக்கெட் பயிற்சியெல்லாம் ஒரே மெஷினுக்குள்தான். ஒரு ஜன்னலிலிருந்து அனுப்பி இன்னொரு ஜன்னலில் வாங்குவது. எழுதியவர் வீட்டிலேயே கார்டைக் கையில் கொடுப்பது போல. எப்படித் தொலையும்? தொலையாது. இன்றைய மாணவர்களுக்கு உலகமே கையில் இருந்தாலும் லேப் பயிற்சி இன்னும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. லேபில் ஓடிவிட்டது, வெளியிலும் ஓடும் என்று நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதை 2011-ல் நேரில் பார்த்தேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். மெஷின்களில் வெப்பம், அதிர்வு இவற்றை அளக்கும் சின்னப் பெட்டிகளை மாட்டியிருந்தார்கள், நூற்றுக்கும் மேலே. ஒவ்வொரு பெட்டியும் பத்து வினாடிக்கு ஒரு முறை நாலைந்து அளவுகளை யூ.டி.பி.யில் அனுப்பும். ஆபீசில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் வாங்கிப் பதிவு செய்யும். பேரிங் அளவுக்கு மீறிச் சூடானால் பெட்டி அபாயச் சேதி அனுப்பும், ஆபீசில் மணி அடிக்கும். பஞ்சு பறக்கிற இடத்தில் சூடான பேரிங் என்றால் என்ன நடக்கும் என்று மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் விடியற்காலை ஷிப்டில் பேரிங் ஒன்று புகைந்தது. மணி அடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரி வாடை பிடித்து, ஓடிப்போய் மெயினை அணைத்தார். மூக்கு நல்ல மூக்கு. நாலு பேர் உயிர் தப்பியது என்று சொன்னால் மிகை இல்லை.

அப்புறம் விசாரணை. பெட்டி செய்து கொடுத்தவர்கள் தங்கள் பதிவைக் காட்டினார்கள். அபாயச் சேதி அனுப்பப்பட்டது, சென்ட்-டு பிழையில்லாமல் திரும்பியிருக்கிறது. கேபிள் போட்டவர்கள் நாள் முழுக்கப் பிங் ஓட்டிக் காட்டினார்கள், ஒரு பொட்டலம்கூடத் தொலையவில்லை. கம்ப்யூட்டர் பதிவில் அபாயச் சேதி வரவே இல்லை. மூன்று பேர் சொன்னதும் உண்மை! ஆனால் ஆலைக்கு ஒரு ஆள் வேண்டுமே. வாங்கும் புரோகிராமை எழுதிய பெண்ணுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அந்தப் பெண் ஒரு மூலையில் அழுத முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, வாங்குற இடத்தில் என்ன செய்யறே?" என்று கேட்டேன். "ஒண்ணு வாங்குவேன் சார், டேட்டாபேஸில் எழுதுவேன், அடுத்ததை வாங்குவேன்" என்றார். பெட்டிகளின் கடிகாரம் எல்லாம் என்.டி.பி. மூலம் ஒரே நேரம் காட்டும்படி வைத்திருக்கிறார்கள். ஆக, பத்து வினாடிக்கு ஒரு தடவை எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் கார்டு போடுகின்றன. வரும் கார்டுகளை கெர்னல் ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கும். அதன் கொள்ளளவு லினக்ஸில் வழக்கமாக 212992 பைட். பெரிசாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சின்ன டேட்டாகிராமுக்கும் கெர்னல் தன் கணக்குப்பிள்ளைச் செலவையும் சேர்த்துக் கழிப்பதால், சில நூறு கார்டிலேயே நிரம்பிவிடும். டிஸ்க்கில் எழுதுவது தாமதமானால் புரோகிராம் கார்டை எடுக்க வராது. பெட்டி நிரம்பிய பிறகு வருவதை கெர்னல் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். விடியற்காலை அந்த நேரத்தில்தான் அதே டிஸ்க்கில் பேக்கப் ஓடும்.

நெட்ஸ்டாட்டில் யூ.டி.பி. கணக்கைக் கேட்டோம். வாங்கும் பெட்டி நிரம்பியதால் கைவிட்டவை என்று ஒரு எண் இருக்கும். பத்து வினாடிக்கு ஒரு தடவை அது ஏறிக்கொண்டே போனதை மேனேஜரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். பிங் ஏன் எல்லாம் நலம் என்றது? பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னல். அது புரோகிராமின் பெட்டிக்குள் வருவதே இல்லை. தெருவரைக்கும் தபால்காரர் ஒழுங்காகத்தான் வந்தார், வீட்டு வாசல் பெட்டி நிரம்பி வழிந்தது.

அந்தப் பெண் எல்லா மெஷினையும் சேர்த்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மேலதிகாரிக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டிருந்தார். "ஆறு மெஷினில் டெமோ காட்டினியே, ஓடுதில்ல, போதும்" என்று பதில் வந்திருந்தது. அந்த மெயிலை நான் அச்செடுத்து என் அறிக்கையோடு வைத்தேன். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வருத்தம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

சரிசெய்தது எப்படி? வாங்குவதற்கு ஒரு திரெட், எழுதுவதற்கு வேறு திரெட் என்று பிரித்தோம். கெர்னல் பெட்டியைப் பெரிதாக்கினோம். எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் அனுப்பாமல் கொஞ்சம் முன்னே பின்னே அனுப்பும்படி செய்தோம். இதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. எந்தச் சேதி தொலைந்தால் பரவாயில்லை, எது தொலையவே கூடாது? பத்து வினாடிக்கு ஒரு வெப்ப அளவு தொலைந்தால் ஒன்றும் குடிமுழுகாது, அடுத்தது வந்துவிடும். அதற்கு ஒப்புகை கேட்டுத் திரும்ப அனுப்புவது வீண் வேலை. பழைய வெப்பம் யாருக்கு வேண்டும்? அபாயச் சேதி அப்படியில்லை. வந்தது என்று ஆபீஸ் பதில் சொல்லும்வரை பெட்டி விடாமல் அனுப்ப வேண்டும். ஒரே கம்பி, ஒரே போர்ட், ஒரே புரோட்டோகால். இரண்டு சேதிக்கும் இரண்டு விதி. இந்தப் பிரிவினையை யூ.டி.பி. செய்து தராது. ஆலைக்காரரும் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்தோம். ஒரு பெட்டியிடமிருந்து அரை நிமிஷம் எதுவுமே வரவில்லை என்றால் அதற்கும் மணி அடிக்கும். சேதி வரவில்லை என்றால் மெஷின் நன்றாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், பெட்டியே செத்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். டிரங்க் காலில் என்றால் லைன் கட்டானது தெரியும். கார்டில் தெரியாது.

திரும்ப அனுப்புவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் ரிஜிஸ்டர் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினோமே, அந்த அட்டை வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? தபால் போகவில்லையா, தபால் போய் அட்டை மட்டும் தொலைந்ததா? அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனவே திரும்ப அனுப்புவார். வாங்குபவருக்கு ஒரே சேதி இரண்டு தடவை வரும். மணி இரண்டு தடவை அடித்தால் பரவாயில்லை. சேதி "ஐந்தாயிரம் ரூபாய் கழித்துக்கொள்" என்றிருந்தால்? அதனால் ஒவ்வொரு சேதிக்கும் ஒரு வரிசை எண். முன்பே பார்த்த எண் வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலை மட்டும் திரும்பக் கொடு. காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கு, அதில் கொஞ்சம் தற்செயலும் கல. இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் நூறு பெட்டியும் ஒரே தாளத்தில் கத்த ஆரம்பிக்கும்.

கார்டின் அளவு பற்றி ஒரு வார்த்தை. யூ.டி.பி. தலைப்பில் நீளத்துக்கு 16 பிட் இருப்பதால் ஐ.பி. நான்காம் பதிப்பில் 65507 பைட் வரை அனுப்பலாம் என்று கணக்கு வரும். ஆனால் ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட்தான். தலைப்புகள் போக 1472. அதற்கு மேல் அனுப்பினால் ஐ.பி. அதைத் துண்டு போடும், ஒரு துண்டு தொலைந்தாலும் மொத்தமும் போச்சு. நாற்பது துண்டாகப் போவது சேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை எலக்ட்ரிகல் நண்பர்கள் மனக்கணக்கிலேயே போட்டுவிடுவார்கள். பெயரைக் கொடுத்து ஐ.பி. விலாசம் கேட்கிற டி.என்.எஸ்., 1987 விதிமுறையில் தன் யூ.டி.பி. சேதியை 512 பைட்டோடு நிறுத்திக்கொண்டது இந்தப் பயத்தில்தான்.

டி.என்.எஸ். என்றதும் இன்னொரு விஷயம். கார்டில் அனுப்புநர் விலாசத்தை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் பெயரில் நான் எழுதிப் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? டி.சி.பி.யில் முதலில் கைகுலுக்கல் இருப்பதால் பொய் விலாசக்காரர் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார். யூ.டி.பி.யில் கைகுலுக்கலே இல்லை. 2008-ல் டான் காமின்ஸ்கி என்பவர் காட்டிய ஓட்டை இதுதான். டி.என்.எஸ். சர்வர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, நிஜப் பதில் வருவதற்குள் பொய்ப் பதில்களை மழையாகக் கொட்டினால், 16 பிட் கேள்வி எண்ணில் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். அப்புறம் பேங்க் பெயரைக் கேட்டவர் திருடன் வீட்டு விலாசத்துக்குப் போவார். பல கம்பெனிகள் ஒன்றுகூடி ஒரே சமயத்தில் திருத்தம் வெளியிட்டார்கள். கேள்வி கேட்கும் போர்ட்டையும் ஒவ்வொரு தடவையும் தற்செயலாக மாற்று என்பதே அதன் சாரம். போலி விலாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: சின்னக் கேள்வியை அடுத்தவர் விலாசம் போட்டு அனுப்பினால், பெரிய பதில் போய் அவர் தலையில் விழும். 2018 பிப்ரவரியில் கிட்ஹப் தளத்தின் மேல் வினாடிக்கு 1.35 டெராபிட் வந்து கொட்டியது இந்த வழியில்தான். யூ.டி.பி. சர்வர் எழுதுகிறவர்கள், முன்பின் தெரியாதவருக்குக் கேட்டதைவிடப் பெரிய பதில் கொடுக்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.

வேகக் கட்டுப்பாடும் யூ.டி.பி.யில் கிடையாது. 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே, வினாடிக்கு 32 கிலோபிட் போக வேண்டிய வழியில் 40 பிட் போயிற்று. எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பியதில் பாதையே அடைத்துக்கொண்டது. வான் ஜேக்கப்சன் அதைப் பார்த்துத்தான் நெரிசலில் தானே வேகம் குறைக்கும் குணத்தை டி.சி.பி.க்குக் கொடுத்தார். யூ.டி.பி.யில் பிரேக் வேண்டுமென்றால் நீங்களே மாட்டிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தலைவலி எதற்கு, டி.சி.பி.யே போதாதா என்று கேட்பீர்கள். முக்கால்வாசி வேலைக்குப் போதும். என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பாதிப் பேரை நான் டி.சி.பி.க்குத்தான் திருப்பி அனுப்புகிறேன். யூ.டி.பி.க்கு மேல் ஒப்புகை, வரிசை எண், நெரிசல் கட்டுப்பாடு எல்லாம் கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், பல பேர் ஒரு சுமாரான டி.சி.பி.யைத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் தெரிந்து கட்டியவர்களும் உண்டு. கூகுளில் தொடங்கிய குவிக், 2021 மே மாதம் ஆர்.எஃப்.சி. 9000 ஆக வெளிவந்தது. அது ஓடுவது யூ.டி.பி.யின் மேல்தான். ஒரு பக்கத்தில் பத்துப் படம் இருந்தால், ஒரு படத்தின் பொட்டலம் தொலைந்ததற்காக மற்ற ஒன்பது படமும் ஏன் காத்திருக்க வேண்டும்? டேனி கோஹன் குரலுக்காகக் கேட்ட அதே கேள்வி. நீங்கள் போனில் யூடியூப் பார்க்கும்போது பல சமயம் ஓடிக்கொண்டிருப்பது அந்த மூன்று பக்கப் புரோட்டோகால்தான்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் லேபில் இருக்கிற லினக்ஸில் நெட்எம் என்று ஒரு வசதி இருக்கிறது. நூற்றுக்குப் பத்துப் பொட்டலத்தைத் தொலை, ஐந்தை இரண்டு தடவை கொடு, சிலவற்றைத் தாமதப்படுத்தி வரிசையைக் குலை என்று சொன்னால் செய்யும். ஒரே மெஷினுக்குள்ளேயே மழைக்கால டெலிபோன் லைனை வரவழைத்துவிடலாம். துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன், அடுத்த செமஸ்டர் முதல் சாக்கெட் பயிற்சியில் இதைப் போட்டுத்தான் மார்க். அரட்டைப் புரோகிராம் எழுதிக் காட்டினால் போதாது. பத்து சதம் தொலையும்போது ஆயிரம் சேதி அனுப்பி, ஆயிரமும் ஒவ்வொரு தடவை மட்டும், போட்ட வரிசையில் வந்ததைக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு அரைப் பக்கம் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதித் தர வேண்டும்: உங்கள் புரோகிராமில் எது தொலையலாம், எது தொலையக் கூடாது, ஏன்.

இரண்டு பழைய கம்ப்யூட்டரும் ஒரு ஸ்விட்சும் எங்கள் வகுப்பு சார்பில் லேபுக்குக் கொடுக்கிறோம். சர்வீஸுக்குச் சங்கம் பொறுப்பு. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, சத்தம் எல்லோர் காதிலும் விழுந்ததா என்று பின் வரிசைக்காரர்கள் கை தூக்கிச் சொன்னால் நான் இறங்கிவிடுகிறேன்.